‘ஸ்மெல்’ என்னும் ஒரு வினையும் சிப்காட்டின் பல வாடைகளும்

ஆங்கிலத்தின் அன்றாட வினைச்சொற்களுள் ‘ஸ்மெல்’ என்பது, இயல்பில் ஒன்றுக்கொன்று வேறான மூன்று நிகழ்ச்சிகளை ஒரே வடிவத்தால் குறிக்கும் வினையாகும். பால் திரிந்துவிட்டதா என்று அறியப் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒருவர் மோந்து பார்ப்பதும் அந்த வினைதான். மோந்து பார்க்கும் எண்ணமே இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அடுக்களையிலிருந்து ஏதோ கருகும் வாடை வருவதும் அதே வினைதான். மல்லிகையோ மீனோ, அருகில் மூக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன்பாட்டில் வாடையை வெளிவிட்டுக்கொண்டிருப்பதும் அதே வினைதான். முதலாவதில் மனிதன் ஒரு செயலைச் செய்கிறான். இரண்டாவதில் அவனுக்கு ஒன்று நேர்கிறது. மூன்றாவதில் மனிதனே இல்லை. சுவீடன் நாட்டு மொழியியலாளர் ஓகே விபெரி, 50க்கும் மேற்பட்ட மொழிகளின் புலனுணர்வு வினைகளை ஒப்பிட்டு 1983இல் வெளியிட்ட ஆய்வில் இம்மூன்றையும் பிரித்துக் காட்டினார். அவற்றைத் தமிழில் செயல்வினை, உணர்வுவினை, வெளிப்பாட்டுவினை என்று வழங்கலாம். பார்வைக்கு இம்மூன்றில் செயலையும் உணர்வையும் தனித்தனிச் சொல்லால் பிரிக்கும் ஆங்கிலம், கேள்விக்கு மூன்றுக்குமே வெவ்வேறு சொற்களை வைத்திருக்கும் ஆங்கிலம், மூக்குக்கு மட்டும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது.

தமிழ் அவ்வாறு நிற்கவில்லை. செயலுக்கு முகர்தல், மோத்தல் என்னும் வினைகளும், அவற்றின் பேச்சு வடிவமான ‘மோந்து பாரு’ என்பதும் உண்டு. உணர்வுக்குத் தமிழில் தனிவினை கிடையாது. அந்த இடத்தில் வாடையே எழுவாயாகி, உணர்பவர் நான்காம் வேற்றுமையில் பின்னுக்குப் போய்விடுகிறார்: ‘எனக்கு ஏதோ வாடை வருது’. பசி, தூக்கம், கோபம் ஆகியவற்றைச் சொல்லும்போதும் தமிழ் இதே அமைப்பைத்தான் கையாள்கிறது என்பதால், உணர்வைத் தானே வந்து மனிதனைச் சேரும் ஒன்றாகக் காண்பது இம்மொழியின் பொதுப்போக்கு எனலாம். மூன்றாவதான வெளிப்பாட்டுக்கோ வினைகள் வரிசையாக இருக்கின்றன. மணக்கிறது, கமழ்கிறது, நாறுகிறது, வீசுகிறது, அடிக்கிறது, ஏறுகிறது, தூக்குகிறது, குடலைப் பிடுங்குகிறது. இவற்றுள் ‘வீசு’, ‘அடி’ என்னும் இரண்டும் காற்றுக்கும் உரிய வினைகள். வாடைக்கும் காற்றுக்கும் ஒரே வினையைக் கொடுத்த மொழி, வாடை என்பது இடம்பெயரும் பொருள் என்பதையும் அதற்கு ஒரு திசை உண்டு என்பதையும் தன் இலக்கணத்திலேயே குறித்து வைத்திருக்கிறது.

இந்த வேறுபாடு அகராதிகளோடு முடிந்துவிடாமல் நடைமுறையில் எடைபெறும் இடங்கள் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை அவற்றுள் ஒன்று. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமே சிப்காட். அக்கழகம் 1980களில் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இரசாயனத் தொழிற்சாலைகளுக்கென இப்பேட்டையை அமைத்தது. மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயப்பொருள், பிசின் எனப் பலவகை உற்பத்திகள் அருகருகே நடக்கும் அந்த வட்டாரத்தில் பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் முதலிய ஊர்கள் மதிற்சுவர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. அங்குள்ளவர்கள் தம் ஊர்க்காற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழில். அந்தக் காற்றைப் பற்றிய சட்டம், அளவீடு, ஆய்வறிக்கை ஆகியவற்றின் மூலவடிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழின் எட்டுப் பத்து வினைகள் ஒற்றை ‘ஸ்மெல்’லுக்குள் நுழைந்தாக வேண்டிய இந்த வாசலில் எவை தங்குகின்றன, எவை உதிர்கின்றன என்பது மொழியியலுக்கும் நச்சியலுக்கும் பொதுவான கேள்வி.

முதலில் சொற்களின் வரலாறு. ‘நாறு’ என்னும் தமிழ் வினை பழங்காலத்தில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்தது. திருக்குறளின் 27ஆம் குறள் ஐம்புலன்களின் பொருள்களை வரிசைப்படுத்தும்போது மூக்குக்கு உரியதை ‘நாற்றம்’ என்றே சொல்கிறது. 650ஆம் குறள், கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்க இயலாதவர்களைக் கொத்தாகப் பூத்தும் மணம் இல்லாத மலருக்கு ஒப்பிடும்போது, ‘நாறா’ என்னும் எதிர்மறையை மணமின்மைக்கு ஆள்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் வெண்சங்கிடம் கண்ணனின் வாய் எவ்வாறு மணக்கும் என்று கேட்கும் வினையும் இதுவே. முளைத்தல், தோன்றுதல் என்னும் பொருளும் இவ்வினைக்கு இருந்தது. வயலில் நடும் நாற்றின் பெயர் அதிலிருந்து வந்தது. இன்றோ ‘பூ நாறுகிறது’ என்றால் பூ அழுகிவிட்டது என்றுதான் கேட்பவர் கொள்வார். ‘பேர் நாறிப்போச்சு’ என்னும் வழக்கில் வாடையே இல்லை, அவமானம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் இதன் இனச்சொற்கள் இதே இறக்கத்தை அடைந்திருக்கின்றன. தெலுங்கில் நாற்றங்காலின் பயிரைக் குறிக்கும் ‘நாரு’ மட்டும் தப்பித்துக்கொண்டது.

பழைய நடுநிலைப் பொருள் ஓரிடத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. செய்தித்தாள்களும் மனுக்களும் விடாமல் எழுதும் ‘துர்நாற்றம் வீசுகிறது’ என்னும் தொடரில், நாற்றம் என்பதே கெட்ட வாடையாயிருந்தால் ‘துர்’ என்னும் முன்னொட்டுக்கு வேலையே இல்லை. நாற்றம் பொதுச்சொல்லாயிருந்த காலத்தின் இலக்கணத்தை எழுத்துத்தமிழ் காப்பாற்றிவர, தெருத்தமிழ் ‘நாத்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்தது. ஏறத்தாழ 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் வாடை வெளிவிடுதலைக் குறித்த வினை இன்றைய ‘ஸ்டிங்க்’ என்பதன் முன்வடிவமாகும்; ‘இனிதாக’ என்னும் அடையோடு அது மலருக்கும் வழங்கியது. அது மெல்ல மெல்ல அழுகலின் பக்கம் சாய்ந்தபோது காலியான இடத்தில், 12ஆம் நூற்றாண்டு அளவில் எழுத்தில் தென்படத் தொடங்கும் ‘ஸ்மெல்’ வந்து அமர்ந்தது. அதுவும் இப்போது சரியத் தொடங்கியிருக்கிறது. அடைமொழி ஏதுமின்றி ‘இந்த அறை ஸ்மெல் செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் கெட்ட வாடை என்றே பொருள். நல்ல வாடையாயின் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தொடர்பில்லாத இரு மொழிக்குடும்பங்களில் மூக்குவினைகள் ஒரே திசையில் இறங்குவதற்கு, மூக்கு காவற்காரனாக வேலை செய்யும் உறுப்பு என்பது ஒரு காரணமாகலாம். நல்ல மணம் பழகியதும் கவனத்திலிருந்து நழுவுகிறது. கெட்டது சொல்லப்படுகிறது, திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது, சொல்லும் அதன் நிறத்தை ஏற்கிறது. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனிடம் ஒரு சீமாட்டி அவர் மேல் வாடை அடிப்பதாகச் சொல்ல, ஜான்சன், வாடையடிப்பவர் தாம் என்றும் முகர்பவர் அந்தச் சீமாட்டி என்றும் வினைகளைத் திருத்திக் கொடுத்ததாக ஒரு கதை உலவுகிறது. அவர் சொன்னதற்குச் சான்றில்லை. ஆனால் அந்த நகைச்சுவைக்கு உயிர்கொடுப்பது ஒரே வினை முகர்வதையும் நாறுவதையும் சுமப்பதுதான். தமிழில் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

இனி இவ்வினையின் பயன்பாட்டு விதிகள். செயலைக் குறிக்கும்போது மட்டுமே ‘ஸ்மெல்’ தொடர்வடிவத்தை, அதாவது ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்னும் வடிவத்தை, இயல்பாக ஏற்கும்; உணர்வைக் குறிக்கும்போது ஆங்கிலேயர் அதற்கு முன்னால் ‘முடியும்’ என்னும் பொருளுள்ள ‘கேன்’ என்னும் துணைவினையைச் சேர்ப்பார்கள். தமிழரின் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்கும் ‘ஐ ஆம் ஸ்மெல்லிங் கேஸ்’ என்பதை ஆங்கிலேயர் கேட்டால், பேசுபவர் எரிவாயு உருளையின் மேல் குனிந்து மோந்துகொண்டிருக்கிறார் என்றுகூட எண்ண இடமுண்டு. தமிழ் ‘வாடை வந்துகொண்டிருக்கிறது’ என்று தொடர்வடிவத்தில் சொல்வதால் அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் தாவுகிறது. இதைப் பிழை என்று ஒதுக்குவதைவிட, எழுவாய் மாறியும் வினைவடிவம் மாறாமல் தங்கிவிட்டது என்று கொள்வதே பொருந்தும்.

இதைவிட நுட்பமானது, வெளிப்பாட்டுவினைக்குப் பின் வரும் சிறுசொல். ‘ஆஃப்’ என்னும் சொல் சேர்ந்தால், சொல்லப்படும் பொருள் அங்கே உண்மையிலேயே இருக்கிறது, அல்லது அண்மைவரை இருந்தது, என்பது குறிப்பு. ‘லைக்’ சேர்ந்தால் வெறும் ஒப்புமை. மீன் இருந்த கூடைக்கு முன்னது. மீனே படாமல் மீனைப் போல வாடையடிக்கும் அமீன் வகைச் சேர்மத்துக்குப் பின்னது. தமிழில் ‘முட்டை நாத்தம் அடிக்குது’ என்னும் தொகைத்தொடர் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். ‘மாதிரி’ சேர்ந்தால்தான் ஒப்புமை தெளிவாகும். தொழிற்பேட்டை வட்டாரத்தில் ஒருவர் ‘நகப்பூச்சு வாடை அடிக்குது’ என்று சொல்லும்போது அங்கே நகப்பூச்சு இல்லை என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். ஆனால் வேதியியலாளருக்கு அந்த ஒப்புமையே ஒரு தடயம். நகப்பூச்சின் வாடைக்குக் காரணமான எத்தில் அசிட்டேட்டும், அதை அகற்றும் நீர்மத்தில் உள்ள அசிட்டோனும் தொழிற்சாலைகளில் பெருமளவில் புழங்கும் கரைப்பான்கள், அதாவது பிற பொருள்களைக் கரைத்து வேலை வாங்கப் பயன்படும் நீர்மங்கள். அழுகிய முட்டைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டைக்கோசுக்கு மெத்தில் மெர்காப்டன், கெட்ட மீனுக்கு டிரைமெத்தில் அமீன், பழுத்த வாழைப்பழத்துக்கு ஐசோ அமைல் அசிட்டேட் என்று இவ்வரிசை நீளும். ஆகவே ‘மாதிரி’ என்னும் சொல்லை அறிக்கையில் சுருக்கி ‘கெட்ட வாடை’ என்று எழுதுபவர், அறியாமலே ஒரு வேதியியல் குறிப்பை அழித்துவிடுகிறார்.

மூக்கு இத்தகைய வேறுபாடுகளை எவ்வாறு காண்கிறது என்பது அண்மைக்காலத்தில்தான் தெளிவானது. மூக்கின் மேற்கூரையில் உள்ள சிறு சவ்வுப்பரப்பில் இருக்கும் நரம்பணுக்கள், காற்றோடு வரும் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை ஏந்தியிருக்கின்றன. இப்புரதங்களை உருவாக்கும் மரபணுக்களின் பெருங்குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் 1991இல் அறிவித்தனர்; அதற்காக 2004ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். மனிதரிடம் இயங்கும் நிலையில் உள்ள இத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு மசியும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்னும் கூட்டிலிருந்துதான் மூளை ஒரு வாடையை அடையாளம் காண்கிறது.

ஆனால் மூக்கில் உள்ளது இந்த ஒரு வழி மட்டுமன்று. முதல் கபால நரம்பாகிய நுகர்ச்சி நரம்பு வாடையை எடுத்துச்செல்ல, ஐந்தாம் கபால நரம்பாகிய முக்கிளை நரம்பு எரிச்சலையும் குத்தலையும் குளிர்ச்சியையும் எடுத்துச்செல்கிறது. வெங்காயம் அரியும்போது கண்ணில் நீர் வருவதும், அம்மோனியா மூக்கில் ஏறித் தலையைப் பின்னுக்கு இழுக்கவைப்பதும், மிளகாய் வறுபடும்போது வீடே இருமுவதும் இந்த இரண்டாம் நரம்பின் வேலை. நுகர்ச்சியை முற்றிலும் இழந்தவர்களும் அம்மோனியாவின் குத்தலை உணர்வார்கள். ஆங்கிலத்தின் ‘ஸ்மெல்’ இவ்விரு நரம்புகளையும் பிரிக்காது. பிரித்துச் சொல்ல அடைமொழி தேவைப்படும். தமிழ் இதற்கென ஒரு பெயரையும் ஒரு வினையையும் வைத்திருக்கிறது: நெடி ஏறுகிறது. மல்லிகைக்கு நெடி கிடையாது, அழுகிய முட்டைக்குக்கூட யாரும் நெடி என்று சொல்வதில்லை. மிளகாய்க்கும் தாளிப்புக்கும் அமிலத்துக்கும் அம்மோனியாவுக்கும்தான் நெடி. உடற்கூறு அறிஞர்கள் நரம்பைப் பிரித்துக் காட்டியதற்கு எவ்வளவோ முன்பே அடுக்களைத் தமிழ் அந்த உணர்வைப் பிரித்துவிட்டது என்றால் அது மிகையாகாது.

இது வெறும் சொல்லாராய்ச்சிப் பெருமிதம் என்று தள்ளிவிடலாகாது. ‘வாடை அடிக்குது’ என்று ஒருவர் சொல்வதும் ‘நெடி ஏறுது’ என்று சொல்வதும் உடலைப் பற்றிய இருவேறு செய்திகள். முன்னது காற்றில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. பின்னது அந்த ஏதோ ஒன்று கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சவ்வை ஏற்கெனவே உறுத்தத் தொடங்கிவிட்டது என்று சொல்கிறது. குளோரின், புரோமின், ஹைட்ரஜன் குளோரைடு போன்றவை இரண்டாம் வகையின. 2011இல் கடலூர் சிப்காட் பகுதியில் புரோமின் கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வெளிப்பட்ட தனிமத்தின் பெயரே, துர்வாடையைக் குறிக்கும் ‘புரோமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1826இல் ஆக்கப்பட்டது. அதைப்போலவே ஓசோன் என்னும் பெயர் வாடைவீசுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. வேதியியலாளர்கள் தம் பொருள்களை மோந்து பார்த்துப் பெயரிட்ட காலம் அது; இன்று எந்த ஆய்வகமும் அதை அனுமதிக்காது.

மொழிக்கு மொழி இத்தகைய நுட்பம் எவ்வளவு வேறுபடும் என்பதை மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வேட்டையாடி வாழும் ஜஹாய் மக்களின் மொழி காட்டுகிறது. அசிஃபா மஜித், நிக்லாஸ் பூரன்ஹுல்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாடைகளை ஜஹாய் மக்களுக்கும் ஆங்கிலம் பேசுவோருக்கும் கொடுத்துப் பெயர் சொல்லக் கேட்டனர். ஆங்கிலம் பேசுவோர் நிறங்களைச் சட்டென்று பெயரிட்டார்கள். வாடை வந்ததும் சுற்றிவளைத்து நீளநீளமாக விவரித்தார்கள், அதிலும் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. ஜஹாய் மக்கள் வாடையையும் நிறத்தைப் போலவே சுருக்கமாகவும் ஒருமித்தும் பெயரிட்டார்கள். அவர்களிடம் உள்ள ஏறத்தாழ ஒரு டஜன் வாடைச்சொற்கள் பெயர்களல்ல, வினைகள். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகிய மூன்றுக்கும் ஒரே வினை. புலியை இழுத்துவரும் என்று அவர்கள் நம்பும் இரத்த வாடைக்குத் தனிவினை. பூவின் பெயரையோ முட்டையின் பெயரையோ கடன் வாங்காமல், வாடையின் தன்மையையே அவை நேராகக் குறிக்கின்றன.

தமிழ் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கவிச்சி, மொச்சை, முடை, வீச்சம், நெடி, சிக்கு என்று பொருளின் பெயர் சொல்லாமலே வாடையின் வகையைச் சொல்லும் சொற்கள் இதில் உண்டு; ஆனால் அவை பெயர்கள், நடப்பதற்கு அடி, வீசு, ஏறு போன்ற வினைகளைத் துணைக்கு அழைக்கின்றன. மசாலாவின் ‘பச்சை வாசனை’ போகும்வரை வதக்கச் சொல்லும் சமையற்குறிப்பும் இவ்வகையினதே. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் காலைமீன் இறங்கும்போது அங்கே தொழில் செய்வோர் உணர்வது கவிச்சியே தவிர நாற்றமன்று. அதே மீன் மறுநாள் விற்காமல் கிடந்தால் சொல் மாறும். வாடையோடு அதன் மீதான தீர்ப்பும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

இனி, காற்று. கடற்கரை வட்டாரத்தில் பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் முற்பகலிலோ பிற்பகலிலோ கடற்காற்று எழுந்து கிழக்கிலிருந்து மேற்காக வீசும். இரவில் நிலம் குளிர, மெலிந்த நிலக்காற்று எதிர்த்திசையில் நகரும். தொழிற்பேட்டையின் கிழக்கே ஆறும் மேற்கே நெடுஞ்சாலையும் இருப்பதால், ஒரே புகைபோக்கியின் வாடை பகலில் ஒரு பக்கத்து ஊருக்கும் இரவில் மறுபக்கத்துக்கும் போகும். மேலும், காற்றற்ற இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலே உள்ள வெதுவெதுப்பான அடுக்குக்குக் கீழே மூடிவைத்தாற்போல் தங்கிவிடுகிறது. பகலில் உயர எழுந்து கலைந்துவிடும் வாயுக்கள் அப்போது தெருமட்டத்திலேயே நிற்கும். வாடை பற்றிய முறையீடுகள் நள்ளிரவையும் விடியலையும் ஒட்டி மிகுவதற்கு வானிலையியலே போதிய காரணம் தருகிறது. விடிந்து பத்து மணிக்கு ஆய்வுக்கு வருபவரின் மூக்குக்கு எதுவும் தெரியாமற்போவதும் இதனால்தான். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர்வைத்திருக்கும் கரையோர மக்களுக்கு இது புதிய செய்தியன்று. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் மூக்கில் படும் வாடையும் ஒரே ஒலிவடிவம் பெற்றது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

2004இல் இந்த ஊர்க்காரர்கள் சிலர் ‘சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்னும் குழுவாக இயங்கி, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைப் போன்ற வாடை வந்தது என்று முறையாகக் குறித்து வைக்கத் தொடங்கினர். மொழியியல் நோக்கில் இதன் சிறப்பு, உணர்வுவினையை வெளிப்பாட்டுவினையாக மாற்றியதுதான். ‘எங்களுக்கு வாடை தெரிகிறது’ என்பது ஒருவரின் மூக்கைப் பற்றிய கூற்று, அதை எளிதில் ஐயுறலாம்; ‘இந்த மணிக்கு இந்தத் திசையிலிருந்து இந்த வாடை அடித்தது’ என்பது காற்றைப் பற்றிய கூற்று, அதைக் காற்றுத்திசைப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

அவர்கள் கையாண்ட கருவியும் அத்தகையது. கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகே வாழ்ந்த மக்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்னும் வழக்கறிஞர் 1995இல் ஒரு பொறியாளரைக் கொண்டு மலிவாக அமைக்கச் செய்த கருவி அது: மூடியிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அதனுள் வேதிப்பொருள்களோடு வினைபுரியாத டெட்லர் என்னும் படலத்தால் ஆன பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பால் உறிஞ்சிவிட்டு வால்வைத் திறந்தால், வெளிக்காற்று தானே பைக்குள் புகுந்து நிரம்பும். பை ஆய்வகத்துக்குப் போகும். எப்போது வால்வைத் திறப்பது என்று முடிவுசெய்வது மட்டும் மனித மூக்கு. 2004 செப்டம்பரில் அக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, சிப்காட் வட்டாரத்தில் எடுத்த 5 மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருள்கள் தெரிந்தன. அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. ‘மாதிரி’ என்று நின்ற வாடைகள் பல, மூலக்கூறின் பெயரோடு எழுத்தில் ஏறியது அப்போதுதான்.

மூக்கை நம்பும் முறைக்கு அழுத்தமான எல்லைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை மூக்குக்கு வக்காலத்தாகிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கின் நூறில் ஒரு பகுதி இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு என்னும் அளவை எட்டும்போது நுகர்ச்சி நரம்பு மரத்துப்போய் வாடை மறைந்துவிடும். வாடை நின்றதால் வாயு போய்விட்டது என்று எண்ணித் தொட்டிக்குள் இறங்குபவர் அந்த நேரத்தில்தான் பேராபத்தில் இருக்கிறார். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பென்சீனுக்கு மெல்லிய இனிப்பு வாடை உண்டு. ஆனால் இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத்தர வரையறை அனுமதிக்கும் ஆண்டுச் சராசரியான ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு மிகுந்தால்தான் மூக்குக்கு அது தெரியும். மாறாக மெர்காப்டன்கள் தீங்கு செய்யும் அளவுக்கு மிகமிகக் கீழேயே ஊரைக் கூட்டிவிடும். 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் வாடையற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தபின், எரிவாயுவில் இவ்வகைச் சேர்மத்தைக் கலப்பது கட்டாயமாயிற்று. தமிழ் வீடுகளில் ‘கேஸ் வாடை’ என்று சொல்லப்படுவது எரிவாயுவின் வாடையன்று, எச்சரிக்கைக்காகக் கலந்த எத்தில் மெர்காப்டனின் வாடை. வாடை இருந்தால் நஞ்சு என்பதும் இல்லாவிட்டால் நலம் என்பதும் இருபுறமும் பொய்க்கும்.

2009ஆம் ஆண்டு வரையறையில் இடம்பெற்ற 12 மாசுகளுள் அம்மோனியாவும் பென்சீனும் உள்ளன. ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை, வாடை என்னும் பொதுத்தலைப்பும் இல்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வாடை மாசு பற்றிய வழிகாட்டுதல்களை 2008இல் தனியாக வெளியிட்டது. வாடையை அளக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையோ இன்றும் மனித மூக்கைத்தான் நம்பியிருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலரைக் கருவியின் முன் அமர்த்தி, மாதிரிக்காற்றைத் தூய காற்றோடு பலமடங்கு கலந்து நீர்க்கச்செய்து கொடுத்து, எந்த நீர்ப்பில் அவர்களுள் பாதிப்பேருக்கு வாடை தட்டுப்படுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த மடங்கெண்ணே வாடையின் அலகாகிறது.

அந்த ஆய்வகத்தில் கேட்கப்படும் கேள்வி ‘ஸ்மெல்’ வினையின் இரண்டாம் பொருளில் அமைந்தது: உணர்கிறீர்களா, இல்லையா. அது வாடையின் செறிவைத் தரும். வாடை எங்கிருந்து வந்தது, தொண்டையில் ஏறியதா, எத்தனை நாழிகை நின்றது என்பவற்றைத் தராது. அவற்றைத் தருவது மூன்றாம் பொருள். ஆகவே குடிகாட்டிலோ சங்கொலிக்குப்பத்திலோ சொல்லப்படும் முறையீட்டை ஆங்கிலப்படுத்துபவர், ‘ஊர்மக்கள் கெட்ட வாடையை உணர்வதாகக் கூறினர்’ என்று மனிதரை எழுவாயாக்கி எழுதுவதைவிட, வாடையையே எழுவாயாக நிறுத்தி, வீசியதா அடித்ததா ஏறியதா என்று சொன்னவர் சொன்ன வினையைப் பிரித்துக் குறித்து, நெடியாயின் கண் தொண்டை எரிச்சலைத் தனிப்பத்தியில் சேர்த்து, ‘மாதிரி’க்குப் பின்னால் வந்த பொருளின் பெயரை அப்படியே விட்டுவைத்து, நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதினால், அதே தாள் வேதியியலாளருக்கும் மருத்துவருக்கும் வானிலையாளருக்கும் பயன்படும்.